வால்துனிக்குக் கணக்குக் காட்டுங்கள்

வால்துனி ஆற்றைச் சீரமைக்கப் போகிறோம் என்ற அறிவிப்பை மும்பைக்குப் பக்கத்து உல்லாஸ்நகர் பலமுறை கேட்டுவிட்டது. கரையில் சுவர் எழுப்புவோம், தூர் வாருவோம், நடைபாதை போடுவோம், மரம் நடுவோம் என்று பட்டியல் நீளும். எத்தனை கோடி என்பதும் அதில் இருக்கும். வேலை முடிந்த பின் ஆறு முன்பைவிடத் தேறியிருக்கிறதா என்பதை எதை வைத்து, யார், எந்த இடத்தில் நின்று பார்க்கப் போகிறார்கள் என்பது மட்டும் இருக்காது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆற்றின் பெயரால் பொதுப்பணத்தைச் செலவிடுவது ஒழுக்கக்கேடு என்று இந்த ஏடு கருதுகிறது. கவனக்குறைவு, ஆள் பற்றாக்குறை என்ற பெயர்களில் அதை மன்னிக்க நாம் தயாராக இல்லை.

வால்துனி சிறிய ஆறு. அம்பர்நாத்தை அடுத்த காகோளே மலைச்சரிவில் பிறந்து அம்பர்நாத், உல்லாஸ்நகர், கல்யாண் வழியாகச் சுமார் 32 கிலோமீட்டர் ஓடி உல்லாஸ் ஆற்றோடு சேர்கிறது. தலைப்பகுதியில் பழைய ஜி.ஐ.பி. ரயில்வே கட்டிய அணை இன்னும் இருக்கிறது. சற்றுக் கீழே, 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தாங்கிய அம்பர்நாத் சிவன் கோயில் கரையிலேயே நிற்கிறது. அதைக் கட்டிய சிலாஹார மன்னர்கள் ஒரு நல்ல ஆற்றைப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்திருப்பார்கள். சிவராத்திரிக்கு அங்கே கூடும் பெருங்கூட்டத்தில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களில் ஒருவரும் இன்று அந்த நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளத் துணிய மாட்டார். அதற்கப்புறம் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள், பிறகு உல்லாஸ்நகரின் நாலாக்கள் எனும் சாக்கடைக் கால்வாய்கள். விட்டல்வாடிப் பக்கம் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குக் கண்ணை மூடியிருந்தாலும் ஆறு வந்துவிட்டது தெரியும்.

ஆறு சிறியது என்பதில் ஒரு வசதி இருக்கிறது. அதை நம் நிர்வாகங்கள் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. கங்கையில் கலந்த கழிவு எங்கிருந்து வந்தது என்று தேடினால் மாநிலம் மாநிலமாக அலைய வேண்டும். வால்துனியை மலையடி முதல் சங்கமம் வரை ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம். எந்த நாலா எங்கே விழுகிறது, எந்தக் குழாய் எந்தச் சுவருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் வார்டு ஊழியருக்கும் கரையோரத்துக் கடைக்காரருக்கும் தெரிந்த சங்கதி. ஓரிடத்தில் ஒரு வேலையைச் செய்துவிட்டு, அரை கிலோமீட்டர் கீழே அதன் பலனைப் பார்க்க முடிகிற ஆறு இது. காரணத்தையும் விளைவையும் கயிறு கட்டி இணைத்துவிடலாம். அப்படிப்பட்ட ஆற்றில் "பலன் என்ன என்று சொல்வது கடினம்" என்று யாராவது சொன்னால், பார்க்க விருப்பமில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

உல்லாஸ்நகர் பிறந்த கதையில் ஆறும் உண்டு, ஒரு தமிழரும் உண்டு. பிரிவினையில் சிந்துவிலிருந்து வீடு வாசல் இழந்து வந்த ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கல்யாண் ராணுவ முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் ராஜாஜி அங்கே அடிக்கல் நாட்டி, பக்கத்தில் ஓடும் உல்லாஸ் ஆற்றின் பெயரையே ஊருக்கு வைத்தார். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்ட அந்தக் கேம்ப்களில் மக்கள் கையில் கிடைத்ததையெல்லாம் தொழிலாக்கினார்கள். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் ஊருக்குப் பெயர் தந்த ஆற்றையும் அதன் துணையாற்றையும் சாக்கடையாகப் பயன்படுத்தும் உரிமை அந்த உழைப்புக்கு எந்தக் காலத்திலும் வழங்கப்படவில்லை.

உல்லாஸ்நகரின் ஜீன்ஸ் தொழிலை எடுத்துக்கொள்வோம். புதுத் துணி பழசுபோல வெளுத்துத் தெரிய வேண்டுமென்றால் நுரைக்கல்லோடும் பிளீச்சோடும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். முழங்காலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளிக்க வேண்டும். உரிந்து வரும் நீலச் சாயமும் உப்பும் கல்தூளும் தண்ணீரோடு வெளியேறும். இந்தக் கழிவைச் சுத்திகரிக்க முடியும், செலவாகும். செலவு செய்யாதவர்கள் அதை நாலாவில் விட்டார்கள். வால்துனி சில நாட்கள் நீலமாகவும் சில நாட்கள் கறுப்பாகவும் ஓடியதைக் கரையில் வாழ்ந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

2014 நவம்பர் இறுதியில் ஓர் இரவு, டேங்கரில் கொண்டுவந்த ரசாயனக் கழிவை யாரோ வால்துனியில் திறந்துவிட்டார்கள். உல்லாஸ்நகரின் வடோல் பகுதியில் உறக்கத்திலிருந்து எழுந்த மக்கள் மூச்சுத் திணறியும் வாந்தி எடுத்தும் நூற்றுக்கணக்கில் மருத்துவமனைக்கு ஓடினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே வனசக்தி என்ற தன்னார்வ அமைப்பு உல்லாஸ், வால்துனி ஆறுகளுக்காகப் புணேயில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியிருந்தது. 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது: உள்ளாட்சி அமைப்புகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் சேர்ந்து சுமார் 95 கோடி ரூபாய் கட்ட வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 வாக்கில் நூற்றுக்கணக்கான ஜீன்ஸ் சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன; மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டன.

சரி, மூடினார்கள். மூடியதால் ஆறு எவ்வளவு தேறியது? மூடுவதற்கு முந்தைய இரண்டு கோடைக்காலங்களில் விட்டல்வாடியில் நீர் எப்படி இருந்தது, பிந்தைய இரண்டு கோடைகளில் எப்படி மாறியது என்று சொல்லும் ஒரு தாள் உல்லாஸ்நகர் மாநகராட்சி வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறதா? இத்தனை பேரின் பிழைப்பில் கைவைத்த ஒரு நடவடிக்கை. அதனால் என்ன நன்மை விளைந்தது என்று கேட்கும் உரிமை வேலை இழந்த சலவைத் தொழிலாளிக்கு இல்லையா? உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து, முழங்கால் வரை சாயத்தில் நின்று உழைத்தவர்கள் அவர்கள். பட்டறைகள் சுற்றுக் கிராமங்களில் மறைவாகத் தொடர்கின்றன என்ற புகார் பிறகும் எழுந்தது. ஒவ்வொரு பட்டறையின் வாய்க்காலிலும் அளவெடுத்திருந்தால் சுத்திகரித்து விட்டவர் யார், அப்படியே திறந்துவிட்டவர் யார் என்று பிரித்திருக்க முடியும். அளவு இல்லாத இடத்தில் சட்டம் எல்லார் தலையிலும் ஒரே அடியாக விழுகிறது. அந்த அடியிலிருந்து பணம் உள்ளவர் நகர்ந்துகொள்கிறார், இல்லாதவர் வாங்கிக்கொள்கிறார். அளக்க மறுத்தது நீருக்குச் செய்த கேடு மட்டுமல்லாமல் ஏழைக்குச் செய்த அநீதியும் ஆகும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரியே எடுப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. உல்லாஸ் ஆற்றில் மாதந்தோறும் மாதிரி எடுக்கப்படுகிறது. இப்படிப்பட்ட மாதிரிகளின் பலனாகத்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடெங்கும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று அறிவித்தபோது மகாராஷ்டிரத்தில் மட்டும் 53 இருப்பது தெரிந்தது. 2022-இல் நாட்டின் மொத்தம் 311 ஆகக் குறைந்தது. மகாராஷ்டிரத்தின் எண்ணிக்கையோ 55 ஆனது. நோய் இருக்கிறது என்று சொல்ல அந்த மாதிரிகள் போதும். கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று சொல்ல அவை போதா.

ஏன் போதா என்பதை அறிய அளவெடுப்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஆற்று நீரை 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, அங்கேயே மாங்கனீசு சல்பேட்டையும் காரம் சேர்ந்த அயோடைடு கரைசலையும் விட்டு மூடிக் குலுக்குகிறார்கள். நீரில் ஆக்சிஜன் கரைந்திருந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு வண்டல் மெல்ல இறங்கும். துளியும் இல்லையென்றால் அது வெள்ளையாக இறங்கும். எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும். இருக்கிறதா இல்லையா என்பதைப் பாலத்தின் மேல் கூடி நிற்கும் யாரும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இன்னொரு குப்பியை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் இருட்டில் வைத்து, உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றன என்று பார்ப்பார்கள். குளிக்கத் தகுந்த ஆறு என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஆக்சிஜன் இருக்க வேண்டும். அந்தத் தின்னும் அளவு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இந்தக் குப்பி பகலில், அலுவலக நேரத்தில், மாதத்தில் ஒருநாள் நிரப்பப்படுகிறது. டேங்கர் வருவது இரவில். சாயத் தொட்டி திறக்கப்படுவது யாரும் பார்க்காத நேரத்தில். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரின் உப்புத்தன்மையைப் பதிவு செய்யும் சிறு கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. சாயக் கழிவு வந்தால் அந்தக் கோடு செங்குத்தாக ஏறும், எந்த மணிக்கு ஏறியது என்பதோடு. வடோலுக்கு மேலே அப்படியொரு கருவி இருந்து அது யாரையாவது எழுப்பியிருந்தால், 2014-இல் அத்தனை பேர் மூச்சுத் திணறிய பிறகு விசாரணை தொடங்க வேண்டியிருந்திருக்காது.

மழைக்காலம் இன்னொரு ஏமாற்று. ஜூலையில் மலையிலிருந்து வெள்ளம் இறங்கும்போது எந்தச் சாக்கடையும் நல்ல மதிப்பெண் வாங்கும். ஏப்ரலில் எடுத்ததை ஜூலையோடு ஒப்பிட்டு "மேம்பாடு" என்று அறிக்கை எழுதுவது எளிது. ஆகவே கோடையைக் கோடையோடுதான் ஒப்பிட வேண்டும். எவ்வளவு நீர் ஓடியது என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லா ஓடைகளும்தான் சற்றுத் தேறும். அதனால் சீரமைப்பு வேலை நடக்கும் ஓடைக்கு அருகே, வேலை எதுவும் நடக்காத இன்னோர் ஓடையையும் அதே நாட்களில் அளந்துவர வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் பணம் செய்த வேலை. அமெரிக்காவின் ஹப்பர்டு புரூக் காட்டில் 1960-களிலிருந்து செய்துவருவது இதைத்தான். ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரங்களை வெட்டினார்கள், இன்னொன்றைத் தொடாமல் விட்டார்கள். இரண்டின் வாயிலும் வி வடிவ வெட்டுள்ள சிறு தடுப்பு கட்டி வெளியேறும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் வெட்டினால் மண்ணின் சத்து ஆற்றில் எவ்வளவு போய்விடும் என்று உலகத்துக்கு எண்ணாகவே தெரிந்தது அப்படித்தான்.

அளக்காமல் சீரமைப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வியாதியா என்றால், இல்லை. 2005-இல் எமிலி பெர்ன்ஹார்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடந்த 37,000-க்கு மேற்பட்ட ஆற்றுச் சீரமைப்புத் திட்டங்களின் பதிவுகளைத் திரட்டினார்கள். அவற்றில் சுமார் பத்து சதவீதத்தில்தான் பலனைக் கண்காணித்ததற்கோ மதிப்பிட்டதற்கோ ஏதாவது குறிப்பு இருந்தது. ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் செலவான துறை அது. ஐந்து ஆண்டுகள் கழித்து மார்கரெட் பால்மரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. ஓடையின் வளைவையும் கல்லையும் திருத்தியமைத்தால் பூச்சிகள் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் செய்த 78 திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். பூச்சியினங்களின் வகை குறிப்பிடத்தக்க அளவு கூடியது இரண்டில் மட்டுமே. உருவத்தைச் சீராக்கினார்கள், உள்ளே வரும் அழுக்கு நிற்கவில்லை. இந்தப் பாடம் கிடைத்ததே யாரோ முழங்கால் அளவு நீரில் இறங்கிப் பூச்சிகளை எண்ணியதால்தான். கரைச்சுவரும் நடைபாதையும் கொண்டு வால்துனியைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் அந்த 78 என்ற எண்ணையும் 2 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்க்க வேண்டும்.

பூச்சி என்றதும் சிலர் அலட்சியப்படுத்தலாம். சேற்றில் நெளியும் சிவப்புப் புழு, ரத்தத்தில் உள்ளதைப் போன்ற நிறமியை வைத்துக்கொண்டு ஆக்சிஜன் குறைந்த நீரிலும் பிழைத்துவிடும். கல்லுக்கடியில் ஒட்டி வாழும், மெல்லிய மூன்று வால்களுள்ள பூச்சிக் குஞ்சுகள் அப்படியல்ல. ஒருநாள் விஷம் வந்தாலும் செத்துப்போகும். குப்பி அந்த ஒரு நிமிடத்தின் நீரைச் சொல்கிறது. பூச்சி கடந்த சில மாதங்களின் நீரைச் சொல்கிறது, இரவில் வந்த டேங்கர் உட்பட. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் ஒரு வலையோடு செய்யக்கூடிய சோதனை இது.

நம் வாசகர்களில் பெரும்பாலோருக்கு வால்துனியைவிட மும்பையின் மித்தி ஆறு நெருக்கம். தாராவியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது அந்த ஆறு என்ன செய்தது என்பதைத் தாராவியில் வளர்ந்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. அடுத்த மாதமே மித்திக்கென்று ஓர் ஆணையம் வந்தது. தூர் வாரும் பணி ஆண்டுதோறும் நடக்கிறது. 2025 மே மாதம் மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு, அந்தத் தூர் வாரலில் 65 கோடி ரூபாய் மோசடி நடந்ததாக 13 பேர் மீது வழக்குப் பதிவு செய்தது. குற்றம் யார் மீது நிலைக்கிறது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் பார்ப்பது வேறு. எத்தனை டன் சேறு எந்த லாரியில் ஏறியது, எங்கே கொட்டப்பட்டது என்பதுதான் அங்கே கணக்கு. ஒப்பந்தக்காரர் செய்த வேலைக்கு அளவு உண்டு. ஆற்றின் ஆழம் எவ்வளவு கூடியது, அடுத்த மழைக்கு நீர் எவ்வளவு சீக்கிரம் வடிந்தது என்று ஆற்றிடம் கேட்டு எழுதிய அளவு இருந்திருந்தால், சேற்றை வாராமலே வாரியதாகக் காட்ட யாருக்கும் வழி இருந்திருக்காது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் உல்லாஸ்நகரைப் பார்த்து நாம் விரல் நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. நொய்யல் ஆற்றில் திருப்பூர் சாயம் செய்தது இதைவிடக் கொடியது. பாசனம் தருவதற்காக 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. பாசன நீர் கேட்டுப் போராட வேண்டிய விவசாயிகள், அணையைத் திறக்காதீர்கள் என்று மன்றாடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை ஒரே உத்தரவில் மூடியது. பிறகு கழிவே வெளியேறாத சுத்திகரிப்புக்குத் திருப்பூர் மாற வேண்டியதாயிற்று. தொழில் அழிந்துவிடும் என்ற பயத்தைத் தாண்டி அது நடந்தது. உல்லாஸ்நகரில் அது முடியாது என்று சொல்பவர்கள் ஒருமுறை திருப்பூர் போய்வரட்டும்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் பெண்கள் சீட்டுப் போடுகிறார்கள். சீட்டுப் பிடிப்பவர் நோட்டைக் காட்ட மறுத்தால் அடுத்த மாதம் யாரும் பணம் கட்ட மாட்டார்கள். பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று நிரூபணம் ஆகும்வரை காத்திருக்கவும் மாட்டார்கள். நோட்டைக் காட்டாததே குற்றம். ஆற்றின் பெயரால் கோடிகளைப் பிடித்து நடத்துபவர்களுக்கு மட்டும் வேறு நியாயம் எதற்கு?

எனவே நம் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறோம். சீரமைப்புக்கு முந்தைய நிலையைப் பதிவு செய்யாமல் வேலையைத் தொடங்கும் மாநகராட்சி, தன் தோல்வியை யாரும் கண்டுபிடிக்காதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறது. அளவை வைத்துக்கொண்டு மக்களுக்குப் புரியும்படி வெளியிடாத வாரியம், விஷத்தைப் பார்த்தும் சொல்லாத சாட்சி. இரவில் டேங்கரைத் திறப்பவனும் அவனுக்குக் கூலி கொடுக்கும் ஆலைக்காரரும் குற்றவாளிகள்; அதில் விவாதமே கிடையாது. சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டு மின்கட்டணத்துக்குப் பயந்து அதை நிறுத்திவைப்பவர் யாராக இருந்தாலும் அவரும் அதே வரிசையில்தான்.

செலவாகும் என்பார்கள். ஆகட்டும். திட்டத் தொகையில் நூற்றுக்குப் பத்தை அளவெடுப்பதற்கென்று ஒதுக்கி, அதை வேலை செய்யும் ஒப்பந்தக்காரரிடமோ வேலை கொடுக்கும் துறையிடமோ தராமல் மூன்றாம் தரப்பான ஒரு கல்வி நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். பவாயில் ஐ.ஐ.டி. இருக்கிறது, மாட்டுங்காவில் ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. தாங்கள் அளந்து தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தின் கடைசித் தவணையை நாடா வெட்டும் நாளில் தராமல், மூன்று கோடைகளின் அளவு கையில் வந்த பிறகு தர வேண்டும். எண்கள் மராத்தியிலும் இந்தியிலும் சிந்தியிலும், தமிழர் வாழும் வார்டுகளில் தமிழிலும் பலகையில் ஏற வேண்டும். அளவு மோசமாக வந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும். தோற்ற திட்டத்தை ஒளிக்காமல் சொல்லும் அதிகாரிக்குத் தண்டனை வரக் கூடாது, பாராட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் யாரும் உண்மை எழுத மாட்டார்கள்.

எந்த இடங்களில் அளப்பது என்பதற்கு நிபுணர் குழுவை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் தேவையில்லை. காகோளேயில் மலைநீர் இறங்கும் இடம், அம்பர்நாத் கோயிலுக்கு முன்பு, எம்.ஐ.டி.சி. கழிவு கலந்த பின்பு, உல்லாஸ்நகர் எல்லைக்குள் நுழையும் இடம், விட்டல்வாடி, கல்யாணில் உல்லாஸைத் தொடுவதற்குச் சற்று முன்பு. ஆறே இடங்கள். ஆறு இடங்களிலும் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் ஒன்று, தானியங்கிக் கருவி ஒன்று. புதிய சுவருக்கு ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன் இவை நிற்க வேண்டும். பருவமழை ஓய்ந்த பின், அக்டோபர் முடிவதற்குள், ஒரு ஜீப்பும் நான்கு ஆட்களும் ஒரு பெட்டிக் கண்ணாடிக் குப்பிகளும் இருந்தால் ஆறு இடங்களின் முதல் மாதிரியையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம்.